ஊதாத விளக்கு

"பயந்து சாகிற பிள்ளைக்கு உந்த வேலை எப்பிடிச் சரிவரும்?"

சித்தி இப்படிக் கேட்டது போன மாதம். அவர் அம்மாவின் தங்கை. சீசா என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். கடல் தாண்டி, இத்தாலியின் வடக்கே தொரினோ நகரத்தில் பயங்கரமான கேம்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பனி, அவற்றுக்குச் சத்தம் அமைக்க என்னை எடுத்திருக்கிறது என்று சொல்லத்தான் மேலே போயிருந்தேன். தேத்தண்ணீர் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். "பல்லியைக் கண்டா கட்டிலில ஏறி நிக்கிறனி. லிஃப்டில தனியப் போகமாட்டாய். நீ மற்றாக்களைப் பயப்பிடுத்தப் போறியோ?"

பல்லி விஷயம் உண்மை, லிஃப்ட் விஷயமும் உண்மை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்பில் இடம்பெயர்வோடு நின்றது. இங்கே பட்டம் வாங்குகிறவர்களின் தலையில் லாரல் இலையால் கட்டிய வளையம் ஒன்றை வைப்பார்கள். என்னுடையதை அம்மா ஒரு கிழமை சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிறகு ஒவ்வொரு இலையாகப் பிடுங்கி இறைச்சிக் கறிக்குப் போடத் தொடங்கினார். "நல்ல வாசம். ஏன் எறிவான்?" என்றார். என் பட்டத்தை நாங்கள் குடும்பமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

நேற்றுப் பெட்டி அடுக்கும்போது அலுமாரிக்கு அடியில் இருந்து ஒரு பழைய ஹெட்போன் வந்தது. வலது காதின் பஞ்சு தேய்ந்து உதிர்ந்திருக்கிறது. இடது காதின் பஞ்சு கடையில் வாங்கியது போலப் புதிதாக இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். பழைய மரமும் சவர்க்காரமும் கலந்த மணம். அம்மா வேலை செய்த சிஞ்ஞோராவின் வீடு அப்படியே வந்து முன்னால் நின்றது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் இதே நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்தோம். கோடை முழுதும் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா பகல் முழுக்க ஒரு உணவகத்துக் குசினியில். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து நான் அழுததால், அம்மா தான் வேலை செய்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போவார். நாங்கள் சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், என்று மட்டும் அழைத்த அந்த வயதான பெண்ணுக்குக் கண்ணில் படலம் விழுந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. என்னை வர விட்டார், இரண்டு நிபந்தனைகளோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கும்போது சத்தம் கூடாது. வடக்கே வேலைக்குப் போய்விட்ட மகனின் அறையில் யாரும் இருக்கக் கூடாது.

முதலாவதைக் காப்பாற்ற அம்மா இரண்டாவதை மீற வேண்டியிருந்தது. குசினிச் சுவருக்கு மறுபக்கம்தான் சிஞ்ஞோராவின் கட்டில். அங்கே கரண்டி விழுந்தாலும் எழும்பிவிடுவார். மகனின் அறையோ வீட்டின் அடுத்த தொங்கலில். "இஞ்சை இரு. அவ எழும்பிற சத்தம் கேட்டா உடன குசினிக்கு வந்திடு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போவார். "இந்த வேலை போச்செண்டா இஞ்சை இருக்க விடுற பெர்மெசோவும் போச்சு. அது போச்செண்டா..." அதற்கு மேல் அந்த வசனத்தை அவர் முடித்ததே இல்லை. நான் சின்ன வயதில் கேட்ட பேய்க்கதைகள் எதுவும் அந்த முடியாத வசனத்துக்குக் கிட்ட வராது.

அதனால் சத்தமில்லாமல் நடக்கப் பழகினேன். கீழே பஸ் போகும்போது மரச் சன்னல் அடைப்புகள் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தத்துக்குள் நாலு அடி வைப்பேன். பஸ் போனதும் நின்றுவிடுவேன், ஒற்றைக் கால் தூக்கியபடி இருந்தாலும் சரி.

மகனின் அறையில் டிவியோடு ஒரு கேம் மெஷின் இருந்தது. அதற்குள் ஒரேயொரு கேம். கடலுக்குள் பாதி இறங்கிய ஒரு மாளிகை. அதன் உச்சி மாடிக்கு ஒரு பெண் ஏறிப்போக வேண்டும். ஏன் என்று கேம் சொல்லாது. வரைபடம் இல்லை, ஆயுதம் இல்லை. செத்தால் மறுபடி வாசற்கதவில் இருந்துதான். நான் எத்தனை தரம் செத்தேன் என்று கேட்காதீர்கள். அந்த மாளிகையில் கண் தெரியாத ஒரு உருவம் ஈரத்துணி தரையில் இழுபட நடந்து திரியும். காலடிச் சத்தம் கேட்டால் வரும், விளக்கின் சூடு பட்டாலும் வரும். வயதானவராகத் தெரிந்ததால் 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாளிகை அம்மா என்று மரியாதையாகப் பெயர் வைத்திருந்தேன். மரியாதை வைத்தும் அவர் என்னைக் கொல்லாமல் விட்டதில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதால் ஹெட்போன் தேவை. இரண்டு காதையும் மூடினால் சிஞ்ஞோரா எழும்புவது கேட்காது. ஆகவே வலது காது மாளிகை அம்மாவுக்கு, இடது காது சிஞ்ஞோராவின் கைத்தடிக்கு.

கீழ் மாடிகளை மெல்ல மெல்லத் தாண்டினேன். சத்தமில்லாமல் நடப்பதுதான் எனக்கு ஏற்கெனவே கைவந்த வேலையாயிற்றே. ஓரிடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். நீண்ட நடையின் முடிவில், சுவர் மாடத்தில் ஒரு மாதா சிலையும் அதன் முன்னால் எரிகிற எண்ணெய் விளக்கும். அதைத் தாண்டக் கதவு இல்லை. விளக்கின் சூட்டுக்கு மாளிகை அம்மா கட்டாயம் வருவார். வாயால் ஊதி அணை, நூர்ந்ததும் திரும்பி ஓடி வேறு வழி தேடு என்றுதான் இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஊதுவதற்கென்றே ஒரு பட்டன் இருந்தது. என்னால் அதை அமத்த முடியவில்லை. சாமி விளக்கை வாயால் ஊதி நூர்க்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மாதா என்றால் என்ன, சாமி சாமிதானே. பட்டனில் விரலை வைத்தபடியே நின்று, அவர் கிட்ட வந்ததும் பயந்து ஓடி, ஒவ்வொரு நாளும் செத்தேன்.

அன்று நல்ல வெயில். அம்மா பின்பக்கப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் மறுபடி அந்த விளக்கின் முன்னால். வலது காதில் ஈரத்துணி இழுபடத் தொடங்கியது. அதே நேரம் இடது காதில், டக். டக். கைத்தடி.

குசினிக்கு ஓட வேண்டும். ஆனால் ஓட வேண்டிய நடையில்தான் தடி வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. "லூக்கா?" என்று சிஞ்ஞோரா மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இருட்டறையில் டிவி வெளிச்சம் மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா ஈரத்துவாயோடு ஓடி வந்தார். "ஸ்கூசி சிஞ்ஞோரா, ஸ்கூசி" என்பதைத் தவிர அவருக்கு வேறு இத்தாலிய மொழியே மறந்துபோயிற்று. கையில் இருந்த உடுப்புக் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. என்னிடம் தமிழில், "எழும்பு. அதை நூர். கும்பிட்டுக் கேக்கிறன், எழும்பு பிள்ளை."

சிஞ்ஞோரா திட்டவில்லை. என் மகன் இதை விளையாடினால் வீடு இடிகிற மாதிரிக் கத்துவான், இவள் ஏன் கத்தவில்லை என்று கேட்டார்.

அம்மா குனிந்து கிளிப்புகளைப் பொறுக்கினார். அவளுக்குக் கத்தத் தெரியாது, சிஞ்ஞோரா என்று இத்தாலியனில் சொன்னார்.

சிஞ்ஞோரா தடியால் தரையைத் தடவினார். பிறகு வந்து மகனின் கட்டிலில் இருந்தார். எனக்குப் படம் தெரியாது, சத்தத்தைத் திறந்துவிடு என்றார். ஹெட்போன் வயரைக் கழற்றினேன். ஈரத்துணி இழுபடும் சத்தம் அறை முழுக்க நிறைந்தது.

"ஆரடி உது வாறது?" அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கதைக்காதேங்கோ அம்மா. கேக்கும்."

விளக்கை ஊது, அவன் ஊதுவான் என்றார் சிஞ்ஞோரா. நான் இத்தாலியனில், சாமி விளக்கை நாங்கள் வாயால் ஊதுவதில்லை என்றேன். அந்த வீட்டில் அவருக்கு நான் சொன்ன முதல் 'இல்லை' அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாளிகை அம்மா வந்துவிட்டார். திரை முழுக்க அவர் முகம், அறை முழுக்க அவர் மூச்சு. நான் அசையவில்லை. எனக்குப் பின்னால் இருந்த இருவரும் அசையவில்லை. துவாயில் இருந்து தண்ணீர் சொட்டியது. அதுவும் அவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தேன். சன்னல் அடைப்பு ஒருதரம் கடகடத்து ஓய்ந்தது. விளக்கின் சுடர் சிறுத்துக்கொண்டே வந்தது. எண்ணெய் முடிந்து அது தானாகவே நூர்ந்தது.

ஈரத்துணி திரும்பி, தூரமாகப் போயிற்று. மாடத்துக்குப் பின்னால் சுவர் விலகி ஒரு படிக்கட்டு தெரிந்தது. மேலே இருந்து கடற்காற்று வந்தது. அந்தப் படிக்கட்டைக் கண்டதாகச் சொன்ன வேறொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

சிஞ்ஞோரா தடியை ஊன்றி எழுந்தார். நாளைக்கும் இதே நேரம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தையால் வீட்டுக்கு வரும்போது அம்மா நின்று தக்காளி பொறுக்கினார். "வேலை போகேல்லையோ அம்மா?" என்று கேட்டேன்.

"போகேல்லை. ஆனா பாவம், இனி அந்த மனுசிக்கு மத்தியானத்தில நித்திரை வராது."

சிஞ்ஞோரா இப்போது இல்லை. அவர் போவதற்கு முன் எனக்குக் கொடுத்ததுதான் இந்த ஹெட்போன். வீடு உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குப் போகிறது. வாசலில் இலக்கம் அமத்தித் திறக்கும் பூட்டு. போன கிழமை கீழே நின்று பார்த்தேன். பஸ் போனது. புதிதாகப் போட்ட கண்ணாடிச் சன்னல்கள் ஆடவில்லை. அந்தக் கேமும் புதுப் பதிப்பாக வந்திருக்கிறது. கிட்டப் போனதும் விளக்கு தானாக நூர்கிறது, எந்தப் பக்கம் போகலாம் என்று அம்புக்குறி காட்டுகிறது. யாரும் காத்து நிற்கத் தேவையில்லை.

தொரினோக்காரர்கள் என்னை எடுக்க முன் பயம் தருகிற ஒரு சத்தம் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கதவை ஆட்டி அந்தக் கடகடப்பைச் செய்தேன். பிறகு தடி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னார்கள்.

சித்தி, நான் இன்னும் பயந்து சாகிற பிள்ளைதான். இன்று பின்னேரம் துறைமுகத்தில், கனத்த பெட்டியோடு படியேற முடியவில்லை. கப்பலின் லிஃப்டில் தனியாக ஏறினேன். வலது காதில் மட்டும் ஹெட்போன். கதவு மூடியது, திறந்தது. மேல்தட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கப்பல் கரையை விட்டுவிட்டது.