மவுஸைத் தொடாத கோமதி அக்கா

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. கோமதி அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். போன் செய்த சென்டர் ஓனர் அழுதார்.

குன்றாண்டார்கோவில் கம்ப்யூட்டர் சென்டரில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பழைய லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக் கொடுப்போம். அதில் மெனு, ஜன்னல், முகப்பு எல்லாம் தனித்தனித் துண்டுகள்; பிடிக்காததைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். நான் எனக்குப் பழகியதைப் போட்டு அனுப்பிவிடுவேன். அக்கா வந்தவரையே உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, அவரே தேர்ந்தெடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். எங்கள் ஊர்க்காரர்களான உங்களில் பலர் அங்கே உட்கார்ந்து தவித்திருப்பீர்கள்.

கீரனூரிலிருந்து வந்த ஓர் அம்மா சலித்துக்கொண்டார். “நீயே ஒண்ணப் போட்டு விடு தாயி. எனக்கென்ன தெரியும்?”

“ஒங்க வீட்டு அடுப்பை கடைக்காரரா வந்து வச்சாரு? குனிஞ்சு நிமிர்றது நீங்கதானம்மா” என்றார் அக்கா.

“இந்த வாய்க்குத்தான் ஓனர் சம்பளம் குடுக்குறாரா?” என்று சிரித்தபடி, எழுத்தைப் பெரிதாக்கி மெனுவைக் கீழே இறக்கிக்கொண்டார் அந்த அம்மா.

மகள் பிறந்தபின் நான் வேலைக்குப் போகவில்லை. கணவர் சவூதியில். பிள்ளை இருமினால்கூட அக்காவுக்குத்தான் போன் போடுவேன். ஒரு நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகவா, கொஞ்சம் பாக்கவா? நீங்களே சொல்லுங்கக்கா.”

“பிள்ளை ஒன் மடியில கிடக்கு. ஒனக்கு என்ன தோணுது?”

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்றார். அப்போதும் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார். “போவோம்க்கா” என்று நான் எழுந்ததும் சாவியை எடுத்தார்.

காரியம் முடிந்ததும் அவர் தங்கை அக்காவின் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தார். “அவ வச்சபடியே இருக்கட்டும்ங்க” என்றார். அக்காவுக்கு இடதுகைப் பழக்கம். மெனு வலது ஓரத்தில், மவுஸ் பட்டன்கள் மாறி, எல்லாம் அவர் கைக்குத் தோதாக. வீட்டிலிருந்தே சென்டர் வேலையைத் தொடங்க எனக்கு அது வேண்டும். ஆனால் அதில் என் கை ஓடவில்லை. மாற்றினால் அக்காவின் கைத்தடம் போய்விடும். திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மாற்றட்டுமா என்று நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

நேற்று நானே முடிவெடுத்து மாற்றினேன், ஒவ்வொரு துண்டாக. முடிந்தபோது அது அக்காவுடையதுமில்லை, என்னுடையதுமில்லை; யாருடைய லேப்டாப்போ மாதிரி இருந்தது.

பதில் சொல்லாமலும் எழுந்து போகாமலும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது: அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். இன்னொருவருக்காக அப்படி உட்கார எனக்கும் வரும். எனக்காக உட்காரத்தான் இனி ஆளில்லை.