போத்தல் திறந்தால் வரும் ஸ்கங்க்

அக்கா வீட்டு பேஸ்மென்ற் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊதா வெளிச்சம்தான். கனடா வந்த புதிதில், கலியாணம் ஆகும்வரை, ஸ்காபரோவில் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இருந்தேன். குளிர் தொடங்கியதும் அக்கா தன் கறிவேப்பிலைச் செடியை முற்றத்திலிருந்து தூக்கிவந்து, என் அறை வாசலில், வீட்டுக்குச் சூடு தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். அதற்கு மேலே, செடி வளர்க்கவென்று விற்கிற நீளமான விளக்கு. காலை ஆறுக்கு அதைப் போடுவதும் இரவு பத்துக்கு அணைப்பதும் என் பொறுப்பு. நான் பட்டினி கிடந்தாலும் அக்கா பொறுப்பாள். செடி இருட்டில் கிடந்தால் பொறுக்கமாட்டாள்.

அதே வெதுவெதுப்பான மூலையில்தான் அத்தான் தன் பியர் போத்தல்களை அடுக்கினார். அத்தானுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. கூட வேலைசெய்த ஒருவர் வீட்டிலேயே பியர் காய்ச்சுவாராம். அவரிடம் கேட்டுப் பழகி, பெரிய சட்டி, வாளி, குழாய் எல்லாம் வாங்கிவந்து இவரும் இறங்கிவிட்டார். பியர் வழக்கமாக வருகிற மண்ணிறப் போத்தல் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "பால் விடாத பிளேன்ரீ மாதிரி என்ன வடிவான நிறம். இதைப்போய் ஒளிச்சு வைக்கிறதே?" என்று நிறமில்லாத கண்ணாடிப் போத்தல்களாகத் தேடிப் பிடித்து நிரப்பினார். வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்றமுன் கீழே வந்து ஒருதரம் அவற்றைப் பார்க்கவேண்டும். ஐம்பது வயது மனிதர் போத்தல்களைப் பார்த்துச் சிரித்தபடி நிற்பதைக் காண எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

முதல் போத்தலைத் திறந்த அன்று அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூடி கழன்றதுதான் தாமதம், மூக்கைப் பிடுங்கும் நாற்றம். ரொறன்ரோவில் இருக்கிற எவருக்கும் அந்த மணம் தெரியும். குப்பை வாளிகளைக் கிண்டித் திரிந்து, பயந்தால் வாலைத் தூக்கி நாற்றநீரைப் பீய்ச்சுகிற கறுப்பு வெள்ளைப் பிராணி, ஸ்கங்க்.

"பின்வாசல் டெக்குக்குக் கீழ பூந்திட்டுது போல," என்று அத்தான் ஓடி ஓடி யன்னல்களைச் சாத்தினார். கூட்டாளிகள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளைகளை ரியூசனால் ஏற்றவேணும் என்று எழும்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் ஸ்கங்க் வந்தது. மூன்றாம் தடவை அக்கா அகப்பையும் கையுமாக வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போத்தில் திறக்கிறது உந்த ஸ்கங்குக்கு எப்பிடித் தெரியுது? அதுவும் இந்தப் பனிக்குள்ள?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடிவிட்டேன். வெளியே அக்கா தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற வியாழன் குப்பை எடுக்க வரும்போது சட்டி, வாளி, குழாய் எல்லாம் தெருவுக்குப் போகவேண்டும். "சரியப்பா," என்ற அத்தானின் குரல் கேட்டது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மூலைதான்.

புதன் பின்னேரம் உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் ஒவ்வொரு போத்தலாக ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. போத்தலில் அடைத்த அன்றே, "இது மச்சாளின்ர பங்கு," என்று பகிடியாக ஒன்றை என் கையில் தந்திருந்தார். குடிக்காத நான் அதைச் சால்வையில் சுற்றி அலுமாரியின் அடியில் தள்ளியிருந்தேன். எடுத்துக்கொண்டுபோய், "இதையும் ஊத்துங்கோ அத்தான்," என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார். நாற்றமில்லை. வாட்டிய பாணின் மணமும் தோடம்பழத்தோல் மணமும்தான் வந்தன. அதே சட்டி, அதே நாள், அதே பியர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இருவருமே திரும்பி விளக்கைப் பார்த்தோம்.

அத்தான் உடனே அந்த வேலைக் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே போத்தல் என்ன நிறம் என்பதுதான். பியருக்குக் கசப்புத் தருகிற ஹொப்ஸ் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் உடைந்து, ஸ்கங்கின் நாற்றத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரமாக மாறிவிடுமாம். மண்ணிறக் கண்ணாடி பெருமளவு காக்கும். நிறமில்லாத கண்ணாடி காக்கவே காக்காது. வீட்டு ரியூப் லைற்றே கெடுத்துவிடும் என்றார் அவர். எங்கள் விளக்கோ நாளுக்குப் பதினாறு மணித்தியாலம் எரிந்தது. நாள் தவறாமல் அதைப் போட்டவள் நான்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கிவந்தாள். அத்தான் அவளுடைய விளக்கைக் குற்றம் சொல்லவில்லை. "நான் வச்ச இடந்தான் பிழை," என்று மட்டும் சொல்லிக் கோப்பையை நீட்டினார். வாழ்நாளில் பியர் தொடாத அக்கா முதலில் மணந்தாள். நுனி நாக்கில் தொட்டாள். முகத்தைச் சுழித்தாள்.

"கைக்குது," என்றாள். பிறகு, "ஆனா நாறேல்லை."

அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மறுநாள் தெருவுக்குப் போனவை அந்த நிறமில்லாத வெறும் போத்தல்கள் மட்டும்தான்.

நான் பிறம்ரனுக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படிக்கட்டின் கீழுள்ள அலுமாரியில் அத்தானின் மண்ணிறப் போத்தல்களைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் கதவு கிறீச்சிட்டால் போதும், மேலே குசினியிலிருந்து அக்காவின் குரல் பாய்ந்து வரும்.

"ஆரது? கதவைச் சாத்து! எங்கட பியரில வெளிச்சம் படப்போகுது!"