துண்டுக்குள் பேசிய மார்பின்

மாமாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, வந்து பார்த்துவிட்டுப் போ என்று அத்தை போனில் சொன்னதும், சென்ற மாதம் பெங்களூரிலிருந்து கிளம்பினேன். திண்டுக்கல்லில் இறங்கினால் மாமாவின் ஊரான ரெட்டியார்சத்திரம் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். பஸ் டிக்கெட் பதினைந்து ரூபாய். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், மலை கூடவே வரும்.

மாமா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கடியில் கைகோத்து, விரலை அழுத்தியே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றிருக்கிறேன். நான் போனபோது அவருடைய கூட்டாளி கருப்பையா கட்டிலருகே உட்கார்ந்து, மாமாவின் கையைத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து மாமா அரைமயக்கத்தில் கிடந்தார். விரல்கள் மட்டும் துடித்தன.

"மாத்திரை வேணாங்கிறாப்ல. எம்புட்டு வருசமாப் பிடிச்ச கையி, எனக்குத் தெரியாதா?" என்றார் கருப்பையா. முந்தின நாளும் அவர் இதையே சொல்ல, அதை நம்பி அத்தை அப்போதே மாத்திரையை நிறுத்தியிருந்தார். மாமா முனகியதைக் கேட்டு நான் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் மதியம் வந்தார். போர்வையை விலக்கினால் தோள், தாடை, கால் எல்லாமே வெட்டி வெட்டி இழுத்தன.

"அவரு பேசலம்மா. ஒண்ணுக்கு சரியாப் போகாம மருந்து ஒடம்புல தேங்குனா இப்படி வெட்டும். அதுக்கு நீங்களா நிறுத்துனா வலி கொன்னுபுடும்" என்றார். டாக்டரிடம் போனில் கேட்டு, அளவைக் குறைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் மாமாவின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அவ்வளவு பெரிய வலியை இத்துனூண்டு மாத்திரை அடக்குவதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உங்கள் வீட்டிலும் இந்த மருந்து ஓடுகிறதா? மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். ஓயாத தூக்கம், சுவரில் எறும்பு ஊர்வதாகத் தோன்றுவது, உடம்பு வெட்டுவது எல்லாம் மருந்தாலும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே டாக்டருக்கோ நர்ஸுக்கோ போன் செய்யுங்கள்.

இரண்டு நாளில் துடிப்பு அடங்கி, மாமாவுக்குத் தெளிவு வந்தது. நான் கிளம்பும் காலையில் அத்தை மாத்திரையோடு நின்றார்; கொடுக்கக் கை வரவில்லை. கருப்பையா குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏப்பா, மாத்திரை வேணுமா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லு" என்றார்.

மாமா அவரையே பார்த்தார்.

"வேணும்ப்பா. அன்னிக்கு ஏன் நிறுத்துனீங்க?"