ஒரு சொட்டு ஆசிட்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் சீவியவள் பிச்சாயி. அவள் மகள் ராக்காயியின் கெண்டைக்காலில் ஒரு புண் பரவிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்குப் புண் எலும்பைத் தொட்டதும் காலையே எடுத்துவிட்டார்கள். அதனால் சீழ் வாடை வரும்போதெல்லாம் பிச்சாயிக்கு அந்த வெட்டிய கால் நினைவுக்கு வரும். புண்ணைக் கழுவும் மருந்து சோப்பு எந்தக் கடையிலும் இல்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஒரு சிரட்டையில் கொண்டுவந்தாள்.

“ஊத்துக்கா. அம்புட்டுப் பாலையும் கட்டியாக்குது, இந்தச் சீழை ஆக்காதா லா? சும்மா கெடைக்குது வேற.”

“பாலுக்கு வலிக்காதுடி,” என்றாள் பிச்சாயி.

முதலில் தன் முன்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். தோல் வெளுத்து, நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. மிச்சத்தைக் கால்வாயில் கொட்டினாள்.

வீட்டில் கொஞ்சம் உப்புதான் இருந்தது. இனி கஞ்சிக்கு உப்பில்லை என்று தெரிந்தே அதைச் சிறிது சிறிதாகக் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, தினமும் புண்ணைக் கழுவினாள். எலும்பு தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் துணியை அவிழ்ப்பாள். ராக்காயிதான் குனிந்து பார்த்துச் சொல்வாள்.

ஒரு நாள் ராக்காயி, “செவப்பா சதை வந்திருக்கும்மா, வாடையும் இல்ல,” என்றாள்.

பிச்சாயி அப்போதும் உடனே கண்ணைத் திறக்கவில்லை.