ருவைஸ் வீட்டில் ஒரு யூதக் குடும்பம்

வளைகுடாவில், ருவைஸில் எங்கள் வீடு தரைத்தளத்தில். ஜன்னலை ஒட்டி நடைபாதை. பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு மாலை ஹாலில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வங்கி நடத்திய யூதக் குடும்பத்தின் கதை. சாகக் கிடக்கும் தகப்பன் ஐந்து மகன்களையும் ஐந்து ஊர்களுக்குப் போகச் சொல்கிறான். அவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு கதவு உண்டு. பொழுது சாய்ந்தால் காவலர்கள் வந்து அதைப் பூட்டிவிடுவார்கள்.

"நாளைக்கு ஸ்கூல்ல ஒரு பழைய படத்தப் பத்திப் பேசணும்மா. நான் இதத்தான் பேசப்போறேன்."

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"வேற படமே கெடைக்கலியாட்டி ஒனக்கு? சத்தத்தக் கொற."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்ல? செய்தியில் வரும் யூதர்களின் அந்த நாட்டின் பெயரை நாங்கள் வீட்டுக்குள்கூடச் சொல்வதில்லை. 'அந்தப் பக்கம்' என்போம். அப்படிப் பேசச் சொல்லி எவரும் எங்களிடம் சொன்னதில்லை. அதைப் பற்றி எதையோ போனில் ஃபார்வர்ட் செய்த ஒருவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம் என்று நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் பேச்சு. அந்த ஆளைப் பார்த்தவர் யாருமில்லை. எனக்கு அந்தப் பேச்சே போதும்.

"ஒங்கப்பா விசாவுலதான் நீ இங்க நிக்க. கேட்ட பிள்ளைல ஒண்ணு வீட்டுல போயி தப்பாச் சொன்னா?"

"அம்மா, இது ஹிஸ்டரி. டெய்லி ஜெபத்துல பைபிள்ல இஸ்ரவேல் இஸ்ரவேல்னுதான வாசிக்கோம்?"

"மெதுவாத்தான வாசிக்கோம்!"

அவள் சிரித்துவிட்டாள். "படத்துல கதவ வேற ஆளு வந்து பூட்டுதான். இங்க நீங்களே பூட்டுறீங்க."

மறுநாள் காலை, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டேன். அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. மதியம் பள்ளியின் நம்பரிலிருந்து போன் வந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்தேன். மகளின் எகிப்துக்கார டீச்சர். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவள் பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னதே நான்தான். இன்றோடு எல்லாருடைய பேச்சும் முடிந்துவிட்டது, பாவம்."

நான் நன்றி சொன்னேன். போனைச் சோபாவில் எறிந்தேன். டீச்சர் மேல் கோபம், இதை என்னிடம் முன்பே சொல்லாத மகள் மேல் கோபம். அவளைச் சொல்ல விட்டேனா என்றால், அதுவும் இல்லை.

சாயங்காலம் கணவர் டியூட்டி முடிந்து வந்ததும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பது மகளின் முறை. தெளிவாக, உரக்க வாசித்தாள். அந்தப் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள். மறுபடி வந்தது. மறுபடி நிறுத்தினாள்.

"என்ன மக்ளே, எழுத்து தெரியலியா?" என்றார் கணவர்.

"அம்மாட்ட கேளுங்க."

ஜன்னல் சாத்தியேதான் இருந்தது. அந்தப் பேரையும் சத்தமா வாசி என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே நடைபாதையில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவள் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.