மணி அடித்தால் எழுந்துவிடும் கட்சி

நெசவாலையின் தறிக்கூடத்தில் காதோரம் வெடி வைத்தாலும் கேட்காது. அங்கே எல்லாப் பேச்சும் கையால்தான். இரண்டு முஷ்டியையும் ஒட்டவைத்துப் படக்கென்று பிரித்தால், இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று அர்த்தம். மணிக்கட்டைத் தட்டினால், வேலை முடிந்ததும் வாசலில் காத்திரு. பக்கத்துத் தறியில் நின்ற என்னிடம் இந்த மனுஷன் ஓயாமல் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நானும் கையாலேயே பதில் சொன்னேன். அதை அச்சில் போட முடியாது. இருந்தும் சாயங்காலம் காத்திருந்தேன். என் புத்தியைச் சொல்லுங்கள்!

அப்படித்தான் அவர் என் வீட்டுக்காரர் ஆனார். சங்கத் தலைவர் ஆனது அடுத்த வருஷம். பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தியை மேஸ்திரி உட்கார விடவில்லை. இவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி முஷ்டிகளைப் பிரித்தார். கூடம் முழுக்கத் தறிகள் நின்றன. அந்த அமைதியில்தான் பலர் அவர் குரலையே முதன்முதலாகக் கேட்டார்கள்.

"அந்தப் பொண்ணு உக்காரட்டும். அப்புறம் ஓட்டுறோம்."

அதன் பிறகு அந்த வாய் மூடவே இல்லை. வீட்டிலும்தான். பேசிப் பேசி சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், மாகாண சட்டசபைக்கு நின்றார், ஜெயித்தும் தொலைத்தார். கூடவே கட்சிக்காரர்கள் ஆறு பேர் ஜெயித்தார்கள். அத்தனை பேரும் அதே தறிக்கூடம். சட்டையில் இஸ்திரி ஏறியதே தவிர, சட்டசபை மேஜைக்கடியிலும் அதே டிபன் கேரியர்தான்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி ஆலையை மூடப்போவதாக அறிவித்தார். அரசாங்கமே அதை எடுத்து நடத்த வேண்டும் என்று சபையில் ஒரு மசோதா வந்தது. புது சபையின் முதல் ஓட்டெடுப்பு. ஒரு கை குறைந்தாலும் ஆலைக்குப் பூட்டு, என் தறிக்கும்தான். நான் பார்வையாளர் மாடத்தில், சபை வாசலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தேன்; வாசலைப் பார்த்து வருகிறவர் கண்ணில் நான்தான் படுவேன். மூச்சு விட்டாலும் காவலர் முறைத்தார்.

என் வீட்டுக்காரர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். விவாத நேரம் முடிந்து, வெளியே இருப்பவர்களை ஓட்டுப்போட உள்ளே கூப்பிடும் மணி கணகணவென்று அடித்தது.

அடப்பாவி! ஆலையில் மணி அடித்தால் வீட்டுக்குப் போக வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். பாதி வாக்கியத்தில் வாயை மூடினார், குனிந்தார், கேரியரை எடுத்தார், வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஆறு கேரியர்கள். எதிர்த்தரப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. இந்தப் பக்கம், "யோவ், எங்கய்யா போறீங்க?" என்று ஒரே கூச்சல். கதவை மூட ஆட்கள் தயாராக நின்றார்கள்; மூடிவிட்டால் வெளியே போனவருக்கு ஓட்டு இல்லை.

கத்தினால் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? இரைச்சலா? எனக்கா? எழுந்து நின்று, முஷ்டிகளை ஒட்டவைத்துப் படக்கென்று பிரித்தேன்.

ஏழு பேரும் சட்டென்று நின்றார்கள். ஒருவர், அங்கே இல்லாத தறியின் கைப்பிடியைப் பிடித்தே இழுத்துவிட்டார். நான் இருக்கைகளைக் காட்டினேன். கேரியர்கள் முட்டிக்கொள்ளத் திரும்பி ஓடினார்கள். கதவு மூடியது, கைகள் உயர்ந்தன. என் வீட்டுக்காரர் கையில் கேரியரும் சேர்ந்தே உயர்ந்தது. ஒரே ஓட்டில் ஆலை பிழைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காவலர் வந்து நின்றார். "இங்க சைகை காட்டக் கூடாதும்மா. வெளிய வாங்க."

"வரேன்யா, வரேன். அதான் வேலை முடிஞ்சுபோச்சே!"

படியில் இறங்கும்முன் திரும்பிப் பார்த்தேன். ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கும் கும்பலுக்கு நடுவே அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மணிக்கட்டைத் தட்டினார்.

அச்சில் போட முடியாத அந்தப் பழைய பதிலை, அத்தனை பெரிய சபையில், கையாலேயே சொன்னேன். பிறகு வாசலில் போய்க் காத்திருந்தேன்.