இரண்டு விரல் பயம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: பல் டாக்டர், அவருடைய கம்பவுண்டர், ஏழு வயதான என் தங்கை, நான். அப்பா இல்லை, கால்வாயில் வந்து நின்ற படகுகளிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் இல்லை. அவள் தலை வாரிப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பித்தான் நின்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். இடம் மயிலாப்பூர், லஸ் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷம். இப்போது மூன்று வருஷமாகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பல் வலித்தால் கிராம்பை வைத்து அமுக்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். தங்கைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி இரண்டு நாள் சோறு இறங்காமல் போனபோது, டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதில் ஒன்றும் தப்பில்லை.

"நானும் வரேன் நைனா, கொயந்த பயந்துக்கும்" என்றாள் அம்மா.

"நீ வந்தா அவளுக்கு முன்னாடி நீ அழுவே. பெரிய மனுஷங்க வர்ற எடம்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அரைக்கதவுக்கு மேலே உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். எங்களுக்கு முன்னால் போன பையன் காலில் பூட்ஸ் போட்டிருந்தான். தெருவே கேட்கும்படி கத்தினான்.

"டேய், டேய்! பயம் எத்தனை விரல் இருக்கு? காட்டு பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

"அடேயப்பா, போறலேன்னா கால் விரலையும் சேத்துக்கோ!"

பையன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான். டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். விரல் கணக்கையும் நாடிக் கணக்கையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஐந்து விரலுக்கு மேல் பயமிருந்தால் அன்றைக்கு ஆயுதத்தைத் தொடுவதில்லை என்று பையனின் தகப்பனாரிடம் சொன்னார். நாற்காலியில் அவனை இரண்டு தரம் ஏற்றி இறக்கிக் காட்டி, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து விளையாட விட்டு, "அடுத்த சனிக்கிழமை வா" என்று அனுப்பிவிட்டார்.

எவ்வளவு நல்ல மனுஷர் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குச் சரியான விடை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் கற்றது அதுதான். "அடுத்த சனிக்கிழமை வா" என்றது, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார் என்று சொன்னது போல் என் காதில் விழுந்தது. கேள்வியும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தங்கையைத் தயார் செய்தேன்.

"டாக்டர் கேட்டா எத்தினி விரல் காட்டுவே?"

அவள் யோசிக்கவே இல்லை. பத்தையும் விரித்தாள்.

"ச்சீ! ரெண்டு காட்டணும்."

"மெய்யாலுமே பயமா கீதுண்ணா."

"இருந்தா இருக்கட்டும். ரெண்டுதான். கால்வாய்க்கரைப் பொண்ணு கத்துதுன்னு சொல்லணுமா நாலு பேரு?"

நான் கேட்கக் கேட்க அவள் எட்டு விரலை மடக்கி மடக்கிப் பழகினாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "பேஷ்!" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தவர், கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"என்னப்பா, விரல் ரெண்டுங்கறது, நாடி இப்படிக் குதிக்கிறதே?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வேகமா ஓடி வந்தோம் சார். நேரமாயிடுமேன்னு" என்றேன். அந்தப் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சுத்தமாகச் சட்டை போட்டுக்கொண்டு சுத்தமாகப் பேசுகிற வாலிபன் பொய் சொல்வான் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்? தலையை ஆட்டிவிட்டு ஊசியை எடுத்தார்.

தங்கை கத்தவில்லை. கண் மட்டும் கூரையில் குத்திட்டு நின்றது. பல் வந்து தட்டில் விழும் வரைக்கும் நாற்காலிக் கைப்பிடியில் அந்த இரண்டு விரல்கள் நீட்டியபடியே இருந்தன. இறக்கிவிட்டபோது பாவாடை நனைந்திருந்தது. கம்பவுண்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் துணியைத் தேடப் போனார். "தைரியசாலி!" என்று டாக்டர் அவள் முதுகில் தட்டினார். எனக்குத்தான் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அம்மா அதைக் கேட்கவில்லை. "இன்னாடா பண்ணே அங்க? கொயந்த என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்குது" என்றாள். களைப்பு என்று சமாதானம் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் பல் வலி என்று சொன்னதே இல்லை. ஒரு பக்கமாகவே மெல்லுவாள். பட்டாணி, வேர்க்கடலை எதையும் தொட மாட்டாள். கேட்டால், "நல்லா கீதுண்ணா" என்பாள். ஒரு டாக்டரிடம் போய் வந்ததில் பல்லெல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் அவள் வலது கன்னம் எலுமிச்சம்பழம் போல் வீங்கி, தோலைப் பிளந்துகொண்டு சீழ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல்லுக்கு அடியில் எப்போதோ அழுகிவிட்டதாகச் சொல்லி, மூன்று கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்தவளிடம், "இத்தினி நாள் ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீதானண்ணா கம்மியா சொல்லச் சொன்னே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுவாரம் மயிலாப்பூர் டாக்டரிடம் போய், நடந்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். அவர் பழைய நோட்டை எடுத்துப் புரட்டி, அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "நாடி அன்னிக்கே சொல்லித்து. நான் உன்னை நம்பினேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பயத்தைக் குறைத்துக் காட்டுவது தைரியம் என்று ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அவள் கொடுத்த விலை இனிமேல் முளைக்காத மூன்று கடைவாய்ப் பற்களும், கன்னத்தில் ஆறாத ஒரு குழியும், யாரையும் எழுப்பாமல் வலியோடு விழித்துக் கிடந்த இரண்டு வருஷமும். நான் கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த டிராம் வண்டிக் கூலி ஒன்பது அணா.